காற்றுக்கும் சேர்த்துத்தான் காசு

கோடைக்கால வாங்கல்கள் பற்றிக் கேளுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வந்ததில் முக்கால்வாசி ஐஸ்கிரீம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டு கடையில் கோன் ஐஸ் வாங்கினேன். உறையில் 40 ரூபாய், வாங்கியது 45. கேட்டால், “கூலிங் சார்ஜ்மா, இஷ்டம்னா வாங்குங்க” என்கிறார். அஞ்சு ரூபாய்க்குச் சண்டையா என்று என் கணவர் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கேட்டது தப்பா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கேட்டது சரி. இழுத்துக்கொண்டு வந்ததுதான் தப்பு. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. ஃப்ரீசருக்கு ஆகும் கரண்டு செலவும் அதற்குள் அடக்கம். கோன் ஐஸைக் குளிராகத்தானே விற்க முடியும், சூடாக்கியா விற்பார்? பாக்கெட் பொருளை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி குற்றம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். பில் தரமாட்டார் என்பது எனக்கும் தெரியும். அதனால் ஜிபேயில் 45 ரூபாய் அனுப்பிவிட்டு, விலை தெரிகிற மாதிரி உறையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே சாட்சி. ஒன்று மட்டும்: ஓட்டலில் உட்காரவைத்துப் பரிமாறினால் கதை வேறு. அங்கே கூடுதலாக வாங்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நக்குவதற்கு அது பொருந்தாது.

கேள்வி: மகள் பிறந்தநாளுக்கு இரண்டு குடும்ப டப்பா வாங்கினேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு பார்த்தால் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று போட்டிருக்கிறது. ஏமாற்று வேலைதானே? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் ‘ஐஸ்கிரீம்’ என்று போடக் கூடாது. வெறுமனே ‘ஐஸ்கிரீம்’ என்று போட 10 சதவீதமாவது பால் கொழுப்பு வேண்டும். அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு பெயரை அச்சடித்திருக்கிறார்கள். எழுத்து சின்னது என்று சொல்லாதீர்கள். கேக்கில் குழந்தையின் பெயரை எழுத்துப் பிழை இருக்கிறதா என்று படித்துப் பார்த்திருப்பீர்கள் அல்லவா?

கேள்வி: இரண்டுமே வெனிலா, இரண்டுமே 700 மி.லி. ஒன்று 150 ரூபாய், இன்னொன்று 290. விலை கூடியதை வாங்குகிறவர்கள் ஏமாளிகளா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை நாளாகக் காத்திருக்கிறேன்!

அரிசியை எடை பார்த்து வாங்குகிறோம், எண்ணெயை அளந்து வாங்குகிறோம். ஐஸ்கிரீமையும் எண்ணெய் மாதிரி மில்லி லிட்டரில் வாங்குவதில்தான் வினையே. பால் கலவையை உறையவைக்கும்போதே கடைந்து கடைந்து காற்றை ஏற்றுகிறார்கள். தொழிலில் அதற்கு ‘ஓவர்ரன்’ என்று பெயர். காற்றே இல்லாவிட்டால் கரண்டி இறங்காது, கல்லாக நிற்கும். அதனால் காற்று வேண்டும்தான். எவ்வளவு என்பதில்தான் வியாபாரம். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தர விதி. ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அப்படியானால் டப்பாவில் ஏறக்குறைய பாதி காற்றாக இருந்தாலும் சட்டப்படி சரிதான்.

அப்புறம் என்ன, உங்கள் கடிதம் வந்த அன்றே அதே விலைகளில் இரண்டு டப்பா வாங்கிச் சமையலறைத் தராசில் வைத்தேன். காலி டப்பாவைக் கழித்துப் பார்த்தால் மலிவானது 390 கிராம், மற்றது 560. நூறு கிராமுக்கு 38 ரூபாய், 52 ரூபாய். பார்க்க இரட்டை விலையாக இருந்தது, எடைக்கு எடை பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி கிண்ணத்தில் உருகவிட்டேன். விலை கூடியது கெட்டிப் பாலாக நின்றது. மலிவானது ஒரு விரற்கடை பாலும் மேலே சோப்பு நுரை மாதிரி ஒரு படலமுமாக இருந்தது. 290 கொடுத்தவர் ஏமாளி இல்லை. கிராமைப் பெரிய எழுத்தில் போடுங்கள் என்று பத்து வருடமாகக் கத்துகிறேன். கோன் உறையிலும் அப்படித்தான், 110 மி.லி., 120 மி.லி. என்று பெருமையாகப் போடுகிறார்கள். கையில் வாங்கினால் தக்கை.

கேள்வி: கோனின் அடி நுனியில் சாக்லேட் கட்டியாக நிற்கிறதே, ஐஸ்கிரீமைக் குறைக்கும் தந்திரமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை, அது கோனைக் காப்பாற்றும் பூச்சு. 1959 வாக்கில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஸ்பிகா என்ற நிறுவனம், கோன் ஈரத்தை இழுத்து நமத்துப்போகாமல் இருக்க உள்பக்கம் எண்ணெயும் சர்க்கரையும் சாக்லேட்டும் பூசியது. பூசியதில் வடிந்தது நுனியில் தேங்குகிறது. எனக்குக் கோனிலேயே பிடித்த இடம் அதுதான்.

கேள்வி: வீட்டில் ஐஸ்கிரீம் சாண்ட்விச் செய்தேன். ஃப்ரெஷ் கிரீமை அரை மணி நேரம் அடித்தும் நிற்கவில்லை. மறுநாள் பிஸ்கட் டீயில் நனைத்த மாதிரி ஆகிவிட்டது, ஐஸ்கிரீம் வெட்டினால் வழிகிறது. எங்களுடையது ஃபைவ் ஸ்டார் ஃப்ரிட்ஜ்! (வாசகி, சேலம்)

பதில்: கிரீம் பாக்கெட்டைப் பாருங்கள், கொழுப்பு 25 சதவீதம் என்றிருக்கும். பாயசத்துக்கு ஆகும், அடித்தால் நிற்காது. 30க்கு மேல் இருப்பதை வாங்கி, பாத்திரத்தையும் சேர்த்துக் குளிரவைத்து அடியுங்கள்.

பிஸ்கட்டுக்கு நேப்பிள்ஸ்காரர்களின் வித்தையேதான். உள்பக்கம் உருக்கிய சாக்லேட்டை மெல்லிசாகத் தடவிக் காயவிடுங்கள். ஐஸ்கிரீமைத் தட்டில் இரண்டு செ.மீ. கனத்துக்குப் பரப்பி உறையவைத்து, பிஸ்கட் அகலத்துக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அழுத்தினால் வட்டமாக வந்துவிடும். இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வைத்து பட்டர் பேப்பரில் சுற்றி வையுங்கள்.

ஃபைவ் ஸ்டார் விஷயத்தில் உங்களைத் திட்டமாட்டேன், நானும் அதில் விழுந்தவள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரம் கரண்டு சிக்கனத்துக்கு. குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃப்ரீசருக்கென்று தனிக் குறி உண்டு: ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. ஐஸ்கிரீம் ஒழுங்காக நிற்க மைனஸ் 18 வேண்டும். இது தெரியாமல் நான் 3,800 ரூபாய்க்கு ஐஸ்கிரீம் மெஷின் வாங்கினேன். அதன் கிண்ணத்தின் இரட்டைச் சுவருக்குள் இருக்கும் திரவம் கல்லாக உறைந்தால்தான் வேலை நடக்கும். எங்கள் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்தும் குலுக்கினால் களக் களக் என்றது. இப்போது அதில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஆன்லைனில் கோன் சுடும் கருவி வாங்கினேன். ‘நான்ஸ்டிக்’ என்றார்கள். முதல் கோனிலேயே கறுப்புப் பூச்சு மாவோடு உரிந்து வந்தது. ‘நோ ரிட்டர்ன்’ பொருள் என்று கைவிரிக்கிறார்கள். ஓய்வூதியப் பணத்தில் பேத்திக்காக வாங்கியது. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஐயா, விடாதீர்கள். குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்கமாட்டேன் என்று விற்பவர் சொல்ல 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் இடமில்லை. ‘நோ ரிட்டர்ன்’ எல்லாம் மனசு மாறித் திருப்புகிறவர்களுக்கு. பூச்சு ஒட்டிய அந்தக் கோனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், படம் எடுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மனு எழுதத் தடுமாறினால் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

கேள்வி: வளைகாப்புக்கு வாங்கிய காலி கோனில் மூன்று பாக்கெட் மிஞ்சியது. பிரித்து வைத்திருந்தேன், நமத்துவிட்டது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? (வாசகி, கடலூர்)

பதில்: கூடாது. பிரித்தது நீங்கள், நமக்கவைத்தது கடலூர்க் காற்று. தோசைக்கல்லைச் சுடவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, கோன்களை அதில் படுக்கவைத்து உருட்டுங்கள். ஆறியதும் மொறுமொறுவென்று ஆகிவிடும்.