மோட்டார் நின்றது, விற்றவர் போனை எடுக்கவில்லை: சைக்கிள் மோட்டார் கிட் வாங்கியவருக்குச் சட்டத்தில் என்ன வழி?

கேள்வி:

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 58 வயது. கும்பகோணத்தில் 20 வருடமாக சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பால் ஊற்றுகிறேன். முழங்கால் வலி தாங்காமல் போனதால் என் மகன் இன்ஸ்டாகிராமில் பார்த்து, டெல்லியில் இருக்கும் ஒருவரிடம் சைக்கிளில் மாட்டும் மோட்டார் கிட் வாங்கிக் கொடுத்தான். மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து 21,500 ரூபாய். மகன் கணக்கிலிருந்து இரண்டு தடவையாகப் பணம் அனுப்பினோம். 250 வாட், ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர், ஒரு வருட வாரன்டி, லைசென்ஸ் தேவையில்லை என்றெல்லாம் வாட்ஸப்பில் சொன்னார். பில் கேட்டதற்கு ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய ஒரு சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடவே இல்லை. 43-வது நாள் மோட்டாரும் நின்றுவிட்டது. கிட்டை மாட்டிக் கொடுத்த சைக்கிள் கடைக்காரர் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே வயர் கருகியிருக்கிறது என்றார். படம் எடுத்து அனுப்பினோம். “வெளி ஆள் திறந்துவிட்டார், வாரன்டி போச்சு” என்று சொல்லி எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார். மோட்டார் மேல் 350 வாட் என்று பொறித்திருப்பதை அப்புறம்தான் கவனித்தோம். டெல்லிக்குப் போய் வழக்கு நடத்த எனக்கு வசதியில்லை. பில்லும் இல்லை. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது? இன்னொரு கிட் வாங்கித்தான் ஆக வேண்டும். நம்பகமான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

ஐயா, நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டாம். தஞ்சாவூருக்குப் போனால் போதும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-ன்படி, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. வெளியூர்க் கடையில் ஏமாந்தவர்கள் செலவுக்குப் பயந்து பேசாமல் இருந்துவிடுவார்கள். அந்த நிலை இப்போது மாறிவிட்டது. “டெல்லி நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்” என்று அந்தச் சீட்டின் அடியில் அச்சடித்திருந்தாலும் கவலைப்படாதீர்கள். சட்டம் கொடுத்த உரிமையை ஒரு துண்டுச் சீட்டு பறித்துவிட முடியாது.

தொழிலுக்கு வாங்கியது பற்றிக் கேட்டீர்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் நுகர்வோர் யார் என்று வரையறுக்கும் பிரிவின் விளக்கத்தில், சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று எழுதியிருக்கிறது. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸுக்கும் கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கும் இடையிலான வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர்தான், கூட ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்றது. ஆட்டோவுக்கே அப்படியென்றால் பால் கேன் கட்டிய சைக்கிளுக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் மனுவில் “இதை நானே ஓட்டுகிறேன், இதுவே என் பிழைப்பு” என்று வெளிப்படையாக எழுதுங்கள். அந்த வரி விடுபட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

பணம் போனது மகன் கணக்கிலிருந்து, ஓட்டியது நீங்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர் என்றே சட்டம் சொல்கிறது. இருவர் பெயரிலும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

பில் இல்லாதது உங்கள் குற்றமில்லை. பொருளை விற்றுவிட்டு ரசீது தராமல் இருப்பதே 2019 சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. பணத்தைத் திருப்பித் தர பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் என்று சட்டமே வரையறுக்கிறது. வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸப் உரையாடல், எஸ்டிமேட் படம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் விற்பனை நடந்தது நிரூபணமாகிவிடும். உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023, பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் இணைப்பது நல்லது. அந்தப் போனை விற்றுவிடாதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள்.

வாரன்டி போய்விட்டது என்ற பேச்சுக்கு வருவோம். கடைக்காரர் திறந்தது கோளாறு வந்த பிறகு, அதுவும் கன்ட்ரோலர் பெட்டியை மட்டும். அதற்கு முன்பே மோட்டார் நின்றுவிட்டது. திறந்ததால்தான் கெட்டது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? “எந்த சைக்கிள் கடையிலும் மாட்டிக்கொள்ளலாம்” என்று இந்த மாதிரி விற்பனையாளர்கள் வீடியோவே அனுப்புவார்கள். உங்களுக்கும் வந்திருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். உள்ளூர்க் கடையில் மாட்டச் சொன்னவர், உள்ளூர்க் கை பட்டதையே சாக்காகச் சொல்வது எடுபடாது. கிட் என்றைக்குத் தன் கடைக்கு வந்தது, திறந்தபோது என்ன பார்த்தார் என்று கடைக்காரரிடம் ஒரு பிரமாண வாக்குமூலம் வாங்குங்கள். வழக்கு முடியும்வரை பழைய கிட்டை யாரும் இனிமேல் திறக்கக் கூடாது. தேவைப்பட்டால் ஆணையமே அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

இனி அந்த 350 வாட். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 2(யு)-வின்படி, பெடல் உதவியோடு ஓடும் சைக்கிளின் மோட்டார் 30 நிமிடத் திறனில் (அதாவது 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறனில்) 0.25 கிலோவாட்டுக்கு, அதாவது 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் 25 கிலோமீட்டரை எட்டும்போதும், அதற்கு முன்பே பெடல் போடுவதை நிறுத்திவிட்டாலும் மோட்டார் அணைந்துவிட வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டும். இந்த எல்லைக்குள் இருந்தால்தான் அது சட்டப்படி சைக்கிள். தாண்டினால் மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், காப்பீடு, ஹெல்மெட் எல்லாமே தேவைப்படும். போலீஸ் பிடித்து அபராதம் போடுவதைக்கூடச் சமாளித்துவிடலாம். விடிகாலை இருட்டில் ஒருவர் மேல் மோதி அவருக்குக் கால் உடைந்தால் காப்பீடு இல்லாத வாகனத்துக்கு இழப்பீடு யார் தருவது? உங்கள் கைப்பணத்திலிருந்துதான் போகும். அதனால் அந்த மோட்டார் சரியாகித் திரும்ப வந்தாலும் சாலையில் ஓட்டாதீர்கள். மாற்றுக் கிட் கேட்காமல் பணத்தையே திரும்பக் கேளுங்கள். 250 வாட், லைசென்ஸ் தேவையில்லை என்று சொல்லி 350 வாட்டை விற்றது தவறான விவரம் தந்த விற்பனை. உங்கள் மனுவின் பலமான பகுதி இதுதான்.

60 கிலோமீட்டர் கணக்கையும் சேருங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் 360 வாட் ஹவர். பெடல் போடாமல், கைப்பிடியில் வேகம் கூட்டும் திராட்டிலில் மட்டும் ஓட்டினால் கிலோமீட்டருக்குச் சுமார் 12 முதல் 15 வாட் ஹவர் போகும். 24 முதல் 30 கிலோமீட்டர்தான் வரும், பால் கேன் கனத்தோடு இன்னும் குறையும். உங்கள் பேட்டரியும் அந்த அளவுதான் என்றால், பெடல் போடாமல் அவர் சொன்ன தூரம் ஆரம்பத்திலிருந்தே எட்டாத ஒன்று.

நடைமுறை பெரிய சிக்கலில்லை. முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், செலவில்லை. அத்தோடு, 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீசை ஒப்புகையுடன் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். உங்கள் கையெழுத்திலேயே தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். பதில் வராவிட்டால் தஞ்சாவூர் ஆணையத்தில் நேரிலோ நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவோ மனு போடுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நீங்களே பேசலாம், காணொலி வழியாக ஆஜராக அனுமதியும் கேட்கலாம். கிட் விலை, மாட்டுக்கூலி, வட்டி, வண்டி நின்ற நாட்களில் வேறு வண்டிக்குக் கொடுத்த வாடகை, அலைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். 21,500 ரூபாய் பொருளுக்கு மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று எழுதும் மனுக்கள் உண்டு. அப்படி எழுதினால் உண்மையான இழப்பின் மேல் இருக்கும் நம்பிக்கையும் குறைந்துபோகும். மனு போட இரண்டு வருடக் கெடு இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். உத்தரவு வாங்குவதைவிடப் பணத்தை வசூலிப்பது கடினம். உத்தரவை மதிக்காதவருக்குப் பிரிவு 72-இல் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் அதற்கு அவர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அதனால் கிட் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுங்கள். கூரியர் சீட்டில் அனுப்புநர் முகவரி இருக்கும். பணம் பெற்றவர் பெயர் வங்கி அறிக்கையில் வரும். எஸ்டிமேட்டில் ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பெயரையும் முகவரியையும் பார்க்கலாம். எதுவுமே கிடைக்காவிட்டாலோ, கிடைத்த முகவரி பொய்யாக இருந்தாலோ, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-இல் மோசடி என்று போலீசில் புகார் தரலாம். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாத கேஸாக இருந்திருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லியிருப்பேன்.

இந்த அனுபவத்திலிருந்துதான் உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் வருகிறது. நம்பகமான விற்பனையாளர் என்றால் என் கணக்கில், நாளைக்கு நோட்டீஸ் அனுப்பினால் போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர். யூடியூபில் நன்றாகப் பேசுகிறாரா என்பதெல்லாம் அப்புறம். பணம் அனுப்பும் முன் அவர் ஜிஎஸ்டி எண்ணைத் தேடிப் பாருங்கள், பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெயரும் பணம் கேட்கும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்கு ஒரு பெயர், பணம் மட்டும் யாரோ தனி ஆள் கணக்குக்கு என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இறக்குமதி செய்த பொருளென்றால் பெட்டி மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். பொட்டலப் பொருட்களுக்கான 2011 எடையளவு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. வெறும் பழுப்பு அட்டையில் வந்தால் வாங்கவே வேண்டாம்.

அடுத்ததாக அவரிடம் உதிரி பாகம் கேளுங்கள். “கன்ட்ரோலர் மட்டும் என்ன விலை? திராட்டில் மட்டும் தருவீர்களா? பெடல் சுற்றுவதை உணரும் பெடல் சென்சார் இருக்கிறதா?” உதிரி வைத்திருப்பவர் அடுத்த வருடமும் கடை நடத்தப் போகிறவர். முழு கிட் மட்டும்தான் என்பவரிடம் நாளைக்கு எது பழுதானாலும் மறுபடி முழு விலைதான். வாரன்டியை மோட்டாருக்கு எத்தனை மாதம், பேட்டரிக்கு எத்தனை, கன்ட்ரோலருக்கு எத்தனை, அனுப்பும் செலவு யாருடையது என்று பிரித்து எழுதி வாங்குங்கள். “ஒரு வருடம்” என்று பொதுவாகச் சொன்னால் பல சமயம் அது மோட்டாருக்கு மட்டும்தான். கன்ட்ரோலர் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரையும் கேளுங்கள். 36 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் உச்சத்தில் 540 வாட் இழுக்கும். சட்டம் பார்ப்பது 30 நிமிடத் திறனை என்பதால் இதனால் மட்டும் விதிமீறல் ஆகிவிடாது. ஆனாலும் 250 வாட் என்கிறவரிடம் சோதனைச் சான்றிதழ் கேட்க இது போதுமான காரணம்.

என்னைக் கேட்டால், கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தக்கூடிய ஒரு கடையில், மூவாயிரம் கூடுதலானாலும் அங்கேயே மாட்டி, முழு பில் வாங்குங்கள். மோட்டார் எங்கோ வெளிநாட்டில் செய்ததாக இருக்கலாம். ஆனால் தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, நம் சட்டம் அவர்மேல் செல்லாவிட்டாலோ, குறையுள்ள பொருளால் உங்களுக்கு ஏதாவது தீங்கு நேர்ந்தால் விற்றவரே பொறுப்பு என்று பிரிவு 86 சொல்கிறது. கவனமில்லாமல் பொருத்தியதற்கும் அதே பிரிவில் அவர் பதில் சொல்ல வேண்டும். உங்கள் சைக்கிள் பழையது, கேன் கனமும் இருக்கிறது. முன் சக்கரத்தில் மோட்டார் வைப்பதானால் ஃபோர்க் இரும்பா என்று பார்த்து, அச்சு சுழன்று கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தகடான டார்க் ஆர்ம் போடச் சொல்லுங்கள்.

பழைய பேட்டரி வழக்குக்குச் சாட்சி என்பதால் தூக்கிப் போட முடியாது. அடுப்பு, வைக்கோல் பக்கம் வைக்காமல், சார்ஜ் போடாமல், தனியாக வையுங்கள். புது கிட்டின் சார்ஜரை அதில் தவறியும் மாட்ட வேண்டாம். 36 வோல்ட் லித்தியம் அயன் பேட்டரி 42 வோல்ட்டில் நிறைந்துவிடும், 48 வோல்ட்டுக்கான சார்ஜரோ 54.6 வோல்ட் தரும். தீப்பிடிக்க அது போதும். இரண்டு சார்ஜரிலும் எது எதற்கு என்று இன்றைக்கே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.