பதினாறு வயதில் ஓட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வகுப்புகளுக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். ஜனவரி 25, தேசிய வாக்காளர் நாளன்று பள்ளியில் உறுதிமொழி எடுத்தோம். முடிந்து வகுப்புக்கு வந்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஓட்டே இல்லாத எங்களை எதுக்கு மிஸ் உறுதிமொழி எடுக்கச் சொல்றாங்க?" என்று கேட்டாள். பதினாறு வயதில் ஓட்டு கொடுத்தால் என்ன என்று அந்தப் பீரியட் முழுக்க விவாதம் ஓடியது. நான் வேண்டாம் என்ற பக்கம்தான் பேசினேன். இந்த வயதில் விவரம் போதாது. வீட்டில் சொல்கிறவருக்கோ பிடித்த நடிகருக்கோ போட்டுவிட்டு வருவார்கள். அதைவிடப் பெரிய பயம், ஓட்டு வந்தால் கட்சிக்காரர்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்பது. கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வரும் பையன்களை வைத்துக்கொண்டு நாங்கள் படும் பாடே போதும். ஆனாலும் அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்று மனசு உறுத்துகிறது. உங்கள் கருத்து என்ன? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு ஆசிரியை, கடலூர்

*

அன்புள்ள டீச்சர்,

கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. எடுத்த எடுப்பில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் வேண்டாம். பஞ்சாயத்து, நகராட்சித் தேர்தலில் தொடங்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் விவரம் போதாது என்பது. இந்த நாடு 1950இல் எல்லோருக்கும் ஓட்டு என்று எழுதிக்கொண்டபோது, நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான்; 1951 கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்கு முன்பு வெள்ளைக்காரன் காலத்தில் சொத்து இருக்கிறதா, வரி கட்டுகிறாயா, படித்திருக்கிறாயா என்று பார்த்துத்தான் ஓட்டு. அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, 21 வயது ஆனால் போதும், கைநாட்டு வைக்கிறவருக்கும் ஓட்டு உண்டு என்றார்கள். விவரத்தைச் சோதித்துப் பார்த்து ஓட்டு கொடுக்கும் வேலையே இங்கு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அறுபது வயதுக்காரரிடம் நாம் கேட்காத கேள்வியைப் பதினாறு வயதுக்காரியிடம் மட்டும் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொன்று, வீடுகளில் இன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று உங்கள் பக்கமும் எங்கள் புதுச்சேரியிலும் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்களே, அவற்றை நிரப்பியது யார்? எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெண், பாட்டியின் ஓட்டர் கார்டை மடியில் வைத்துக்கொண்டு, பழைய பட்டியலில் பெயரைப் போனில் தேடிக்கொண்டிருந்தாள். பாட்டி பெயர் அதில் வேறு எழுத்தில் இருந்தது. தாத்தாவின் பெயரை வைத்து, பாகம் எண்ணைக் கண்டுபிடித்து, அப்புறம் வரிசை எண்ணைப் பிடித்தாள். அப்பா, அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டு அத்தை என எல்லோருக்கும் அவள்தான் எழுதினாள். படிவத்தை வாங்க வந்த பி.எல்.ஓ.வும் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) சந்தேகத்தை அவளிடம்தான் கேட்டார். அந்த வீட்டில் அத்தனை பேருடைய ஓட்டையும் காப்பாற்றிக் கொடுத்தவள் அவள். அவளுக்கு ஓட்டு இல்லை. உங்கள் மாணவி கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

பதினெட்டு என்பதும் வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. 1989 வரை 21தான். 61ஆவது திருத்தம் வந்த பிறகுதான் 18 ஆனது. சட்டமே எல்லாவற்றுக்கும் ஒரே வயதை வைத்திருக்கவில்லை. கொடுங்குற்றம் செய்தால் 16 வயதிலேயே பெரியவர்களைப் போல விசாரிக்க வழி உண்டு என்கிறது 2015ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டம். பிரேசிலில் 1988 முதல் 16 வயதில் விரும்பினால் ஓட்டுப் போடலாம். ஆஸ்திரியா 2007இல் 16க்கு இறக்கியது. ஸ்காட்லாந்தில் 2014 பொதுவாக்கெடுப்பில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் போட்டார்கள். அங்கெல்லாம் நடந்ததால் இங்கும் நடக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆஸ்திரியாவில் தெரிய வந்த ஒரு விஷயம் நமக்கு நேராகப் பொருந்தும். வியன்னா நகரத் தேர்தலை வைத்து ஆராய்ந்தவர்கள், 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களைவிட 16, 17 வயதுக்காரர்கள் அதிகமாக வந்து ஓட்டுப் போட்டதைக் கண்டார்கள். பதினாறு வயதில் பிள்ளை வீட்டில் இருக்கிறது, பள்ளிக்குப் போகிறது. பதினெட்டில் ஊரை விட்டுப் போய்விடுகிறது.

உங்கள் வகுப்பையே நினைத்துப் பாருங்கள். ப்ளஸ் டூ முடித்ததும் ஒருத்தி சென்னை ஹாஸ்டலுக்குப் போவாள், ஒருவன் ஒரகடம் கம்பெனிக்குப் போய் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்குவான். ஓட்டு மட்டும் கடலூரில் இருக்கும். தேர்தலுக்கு முந்தின நாள் ராத்திரி பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. முதல் ஓட்டு அப்படியே போய்விடும். முதல் ஓட்டை விட்டவன் இரண்டாவதையும் விடுவது சுலபம். ஊரைப் பற்றி எல்லாம் தெரிந்து, ஊரிலேயே இருக்கும் வயதில் ஓட்டு இல்லை. ஊரை விட்டுக் கிளம்பும் வயதில் கையில் கொடுக்கிறோம். இதை மாற்ற வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். 16 என்ற எண் அப்புறம் வந்ததுதான்.

உள்ளாட்சி என்று நான் அழுத்திச் சொல்வதும் இதனால்தான். தெருவிளக்கு எத்தனை நாளாக எரியவில்லை, மழை பெய்தால் எந்த முக்கில் தண்ணீர் நிற்கும், பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதெல்லாம் பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. கட்சியும் நடிகரும் குறுக்கே வராமல் ஆளைப் பார்த்து ஓட்டுப் போடக் கொஞ்சமாவது இடம் இருப்பதும் வார்டு தேர்தலில்தான். சட்டப்படியும் வழி சற்று எளிது. அரசியல் சாசனத்தின் 326ஆவது பிரிவு 18 வயது என்று சொல்வது மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும்தான். பஞ்சாயத்து, நகராட்சித் தேர்தலுக்கான பட்டியல் அந்தந்த உள்ளாட்சிச் சட்டத்தின்படி வருகிறது. அந்தச் சட்டங்கள் பெரும்பாலும் சட்டமன்றப் பட்டியலையே எடுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இங்கே எங்கள் ஊரின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல். முப்பத்தெட்டு வருட இடைவெளி! அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் வழக்காகி நின்றுபோனது. 2006இல் பதினாறு வயதாக இருந்தவர் இன்று 35ஐத் தாண்டிவிட்டார். கல்யாணம் ஆகி, பிள்ளை பள்ளிக்குப் போகிறது. ஊரில் தனக்காக ஒரு கவுன்சிலரை இதுவரை அவர் தேர்ந்தெடுத்ததே இல்லை. உங்கள் பக்கமும் இதற்கு விலக்கில்லை. 2016 முதல் 2019 கடைசி வரை கடலூர் மாவட்டக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்த தலைவர்கள் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் பார்த்தார்கள். 2019இல் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். பதினாறுக்கு ஓட்டு கேட்கிற நான், இருக்கிற ஓட்டைப் போட விடாத இந்த நிலைமையைத்தான் முதலில் எதிர்க்கிறேன். வயதைக் குறைத்து, தேர்தலே நடத்தாவிட்டால் யாருக்கு என்ன பயன்?

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அதுதான். கட்சிகள் பள்ளிக்குள் வரும் என்கிறீர்கள். வரப் பார்க்கும். சாதியும் கூடவே வரும். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்ல வேண்டிய அளவுக்கு நிலைமை இருக்கிறது. ஓட்டுக்குப் பணம் கொடுக்க வருகிறவர் வாசலில் நின்று "வீட்ல எத்தனை ஓட்டு?" என்றுதான் கேட்கிறார். நாலு என்றால் நாலுக்கு எண்ணிக் கொடுக்கிறார். பதினாறுக்கு ஓட்டு வந்தால் அந்த நாலு ஐந்தாகும். இதை நான் மறுக்கவில்லை. பள்ளி வளாகத்துக்குள் பிரச்சாரம், கொடி, துண்டறிக்கை எதுவும் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி, மீறுகிற வேட்பாளரின் பதவியைப் பறிக்கும் அளவுக்குக் கடுமையாக வைக்காமல் வயதைக் குறைக்கக் கூடாது என்பதும் என் கருத்து.

ஆனால் அந்தப் பணம் எண்ணப்படும்போது பிள்ளை எங்கே இருக்கிறது? அதே கூடத்தில்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறது. யார் கொடுத்தார்கள், எவ்வளவு, அப்பா என்ன சொல்லி வாங்கினார், அம்மா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று எல்லாமும் அதற்குத் தெரியும். சாதிக் கயிறும் ஓட்டு இல்லாமலேயே கைக்கு வந்துவிட்டது. கெட்டது எல்லாம் பதினாறுக்கு முன்பே வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்கு எதிராகப் பேச ஒருவர் வேண்டுமே, அந்த ஒருவர் பல பிள்ளைகளுக்கு நீங்கள் மட்டும்தான். பதினெட்டில் அவன் ஓட்டுப் போடும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். பதினாறில் போட்டால், மறுநாள் காலை உங்கள் வகுப்பில் இருப்பான். ஏன் அவருக்குப் போட்டாய் என்று கேட்க வேண்டாம், அது ரகசியம். வார்டில் நின்றவர்கள் என்ன சொன்னார்கள், அதில் எது ஒரு கவுன்சிலரால் முடிகிற வேலை, எது முடியாதது என்று பேசலாமே. பாடப்புத்தகத்தில் பஞ்சாயத்துகளைப் பற்றிய 73ஆவது திருத்தத்தை நடத்துவதற்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

வீட்டில் சொல்கிறவருக்குப் போடுவார்கள் என்றீர்கள். சிலர் போடுவார்கள். பெண்களுக்கு ஓட்டு கேட்டபோதும், கணவன் சொல்கிறபடிதான் போடுவாள் என்று இதையே சொன்னார்கள். சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு ஓட்டு கொடுத்தது, சொத்துத் தகுதி வைத்துத்தான் என்றாலும். வாக்குச்சாவடியில் மறைப்புக்குப் பின்னால் நிற்கும்போது கூடவே யாரும் வர முடியாது. வீட்டில் எதிர்த்துப் பேச முடியாத பெண்பிள்ளைக்கு அந்த மறைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. புதுச்சேரிக்கு வரும்போது குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் கடலோரமாக நடந்து பாருங்கள். மணல் இருந்த இடத்தில் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புக் கல் அணைகள் கட்டியதும், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு, வடக்குப் பக்கக் கரையைக் கடல் அரித்துவிட்டது. அன்று பதினாறு வயதில் அந்தக் கரையில் வலை இழுத்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். படகு ஏற்ற மணல் இல்லாமல் வாழ்க்கையில் பெரும்பகுதியை ஓட்டியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு ஓட்டு இருந்திருந்தால் அணை வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஒரு முடிவோடு அதிக காலம் வாழப் போகிறவர்களை மதித்து உட்காரவைத்துப் பேச யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. ஓட்டு இல்லாதவரைத் தேடி யாரும் வருவதில்லை.

சட்டம் மாற நாளாகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 2022 முதல் 17 முடிந்தவர்கள், பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு தேதிகள் உண்டு. 18 ஆனதும் வருகிற தேதியில் பெயர் ஏறிவிடும். முன்பு ஜனவரி ஒன்றுக்கு ஒருநாள் பிந்திப் பிறந்தாலும் ஒரு வருடம் போய்விடும். உங்கள் பகுதி பி.எல்.ஓ.வை ப்ளஸ் டூ வகுப்புக்கே வரச் சொல்லுங்கள், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பு எல்லோரும் எழுதிக் கொடுக்கட்டும். கர்நாடகத்தில் பஞ்சாயத்துகள் பிள்ளைகளுக்கென்றே தனியாகக் கிராம சபை கூட்டுகின்றன. அடுத்த கிராம சபைக்கு உங்கள் பிள்ளைகள் எழுதிய மனுவோடு நீங்களும் போங்கள். அதை வாசிக்க, உங்களிடம் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணையே அனுப்புங்கள்.

அன்புடன்