படம் போடும் ஆளாக மட்டும் போகாதீர்கள், தம்பி

பிட்ஸ்பர்கில் நகர வடிவமைப்பு முதுகலையில் இந்த ஆகஸ்டில் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார். திருச்சிப் பக்கம் பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டம் முடித்தவர். ரியல் எஸ்டேட் படிக்கும் தோழி ஒருத்தி யுஎல்ஐ ஹைன்ஸ் என்ற மாணவர் போட்டிக்கு அணி சேர்க்கிறாளாம். "உனக்கு ரெண்டர் நன்றாக வருமே, வா" என்று கூப்பிட்டிருக்கிறாள். (ரெண்டர் என்றால் கட்டடம் கட்டியபின் எப்படித் தெரியும் என்று கணினியில் போடும் படம்.) ஜனவரியில் இரண்டு வாரம் போய்விடும், லைப்ரரி வேலையில் மணிநேரம் குறையும், விடுமுறைக்கு ஊருக்கும் போக முடியாது என்கிறார். இது வேலை கிடைக்க உதவுமா, பரிசுப் பணம் வந்தால் விசாவுக்குச் சிக்கலா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: "மீட்டிங்கில் எனக்கு வாயே வராது அக்கா."

சேருங்கள் தம்பி. ஆனால் 'ரெண்டர் வருமே' என்ற அந்த அழைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு சேராதீர்கள். ஏன் என்று கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகப் போட்டியைப் பற்றி முதலில். ஜெரால்ட் ஹைன்ஸ் ஹூஸ்டனைச் சேர்ந்த பெரிய கட்டுமான முதலீட்டாளர், 2020ல் காலமானார். அர்பன் லேண்ட் இன்ஸ்டிட்யூட் (யுஎல்ஐ) என்ற அமைப்பு 2002ல் அவருக்கு 1,00,000 டாலர் விருது கொடுத்தபோது, அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மேலே தன் பணத்தையும் போட்டு மாணவர்களுக்குப் போட்டி நடத்தச் சொன்னார். 2003ல் தொடங்கியது. ஒரு அணியில் ஐந்து பேர், குறைந்தது மூன்று வெவ்வேறு துறைகள். ஜனவரியில் ஒரு நகரத்தின் நிஜமான நிலப்பகுதியைக் கொடுப்பார்கள். 15 நாளில் வரைபடம், கட்டடங்களின் அமைப்பு, கட்டம் கட்டமாக எப்படிக் கட்டுவது, பணம் எங்கிருந்து வரும், முதலீட்டுக்கு எவ்வளவு திரும்பும் என்று எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். நான்கு அணிகள் இறுதிச் சுற்றுக்குப் போகும், ஏப்ரலில் முடிவு. முதல் பரிசு 50,000 டாலர், மற்ற மூன்று அணிகளுக்குத் தலா 10,000.

இப்போது உங்கள் விஷயம். நம் ஊர் பி.ஆர்க். மாணவர்களுக்கு இங்கே ஒரு பெயர் உண்டு: ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்து அழகாகப் படம் போட்டுக் கொடுப்பார்கள். ரைனோ, லூமியன், ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள் எல்லாம் கைவந்த கலை. அதனால் அணியில் சேர்ந்த மறுநாளே அந்த வேலை நம் தலையில் விழுந்துவிடும். மற்ற நால்வரும் பலகை முன்னால் நின்று எங்கே என்ன வரவேண்டும் என்று சண்டை போடுவார்கள், நாம் மூலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படத்தில் மரம் நட்டுக்கொண்டிருப்போம். பதினைந்து நாள் கழித்து கையில் நான்கு அழகான படம் இருக்கும். அந்த நாலு படம் போட ஜனவரியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அதை உங்கள் ஸ்டூடியோ வகுப்பிலேயே போடலாம்.

நான் படித்த காலத்தில் இந்தப் போட்டியில் கலந்துகொண்டேன், இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. இப்போது சிகாகோவில் லாப நோக்கில்லாத ஒரு வீட்டுவசதி அமைப்பில் வேலை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். போர்ட்ஃபோலியோவில் போட்டிப் படம் வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் கட்டடம் ஏன் இத்தனை மாடி?" பாதிப் பேருக்குப் பதில் வராது. பதில் சொல்பவர் கட்டாயம் செலவுக் கணக்குப் போடும் எக்செல் ஷீட் பக்கம் உட்கார்ந்தவராக இருப்பார்.

அந்தக் கேள்வியில் அமெரிக்க நகரமே இருக்கிறது. நமக்கு வீடு என்றால் கான்கிரீட் தூண், விட்டம், நடுவில் செங்கல். மூன்று மாடிக்கும் அதேதான், பன்னிரண்டு மாடிக்கும் அதேதான். இங்கே அப்படி இல்லை. கீழே ஒன்று இரண்டு தளம் கான்கிரீட், மேலே ஐந்து தளம் மரச்சட்டம். புதிதாகக் கட்டும் அடுக்ககங்களில் பெரும்பாலானவை இப்படித்தான், அதுதான் மலிவு. ஆட்கள் புழங்கும் மேல்தளம் தீயணைப்பு வண்டி நிற்கும் மட்டத்திலிருந்து 75 அடியைத் தாண்டினால் சட்டப்படி அது உயர்மாடிக் கட்டடம். இரும்பு அல்லது கான்கிரீட், கூடுதல் தீத்தடுப்பு என்று செலவு திடீரென்று எகிறும். அதனால்தான் எட்டு ஒன்பது மாடிக் கட்டடம் இங்கே அபூர்வம். ஒன்று ஏழோடு நிறுத்துவார்கள், இல்லையென்றால் இருபதுக்குப் போவார்கள். நாம் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று ஒன்பது மாடி வரைந்து வைப்போம். நிதி பார்க்கும் மாணவி வந்து இரண்டைக் குறை என்பாள், நமக்குக் கோபம் வரும். காரணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால் அதுவே ஒரு பாடம்.

படிக்கட்டு இன்னொன்று. மூன்று மாடிக்கு மேல் போனால் நாட்டின் பெரும்பாலான இடங்களில் அடுக்ககத்துக்கு இரண்டு படிக்கட்டு வேண்டும். சியாட்டிலும் நியூயார்க்கும் ஆறு மாடி வரை, சில நிபந்தனைகளோடு, ஒரே படிக்கட்டை அனுமதிக்கின்றன. இரண்டு படிக்கட்டு வந்தால் இரண்டையும் இணைக்க நடுவில் நீளமான நடைவழி, இரண்டு பக்கமும் வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்தான் ஜன்னல். எதிரெதிர் ஜன்னல் வைத்துக் காற்று ஓட விடும் நம் பழக்கம் இந்த நடைவழியில் முட்டி நின்றுவிடும். இதைத் தெரிந்துகொண்டு சுற்றி வளைத்து ஒரு வழி கண்டுபிடிக்கிறீர்களா, அதைப் படத்தில் காட்டுங்கள். நடுவர் நிமிர்ந்து பார்ப்பார்.

அப்புறம் கார். வண்டி திரும்ப வேண்டிய வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 300 முதல் 350 சதுர அடி போகும். வெட்டவெளியில் நிறுத்தினால் நிலம் வீண். மாடி கட்டி நிறுத்தினால் ஒரு இடத்துக்கான செலவு பல மடங்கு. எங்கள் அணியில் மிகப் பெரிய சண்டை இதில்தான் வந்தது. நிலப்பரப்பு வடிவமைப்பு படித்தவன் நடுவில் பூங்கா கேட்டான், எம்.பி.ஏ. படித்தவள் அதே இடத்தில் நான்கு தள பார்க்கிங் கேட்டாள். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டபோது பார்க்கிங் செலவை வாடகை தூக்கவில்லை. கடைசியில் ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பதைச் சொல்லி கார் இடத்தைப் பாதியாக்கினோம். அந்த ஒரு ராத்திரியில் கற்றுக்கொண்டது எனக்கு இன்னும் சோறு போடுகிறது.

பணம் எங்கிருந்து வரும் என்ற பகுதி இதைவிட விசித்திரம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசே வீடு கட்டும் என்று நாம் நினைத்து வருகிறோம். இங்கே 1986 வரிச் சட்டத்தில் வந்த வரிச்சலுகைதான் முக்கிய வழி. வீடு கட்டும் அமைப்புக்கு அரசு வரிச்சலுகை ஒதுக்கும், வங்கிகள் அதை வாங்கிக்கொண்டு முதலீடு தரும், பத்து வருஷத்துக்குத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும். பதிலுக்கு அந்த வீடுகளின் வாடகைக்கு உச்சவரம்பு, அந்த வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படும். இன்னொரு வழி, ஒரு பகுதியைக் குறித்துவிட்டு, அங்கே இனிமேல் கூடும் சொத்துவரியை அந்தப் பகுதிக்கே செலவழிப்பது. எங்கள் இல்லினாய் மாநிலத்தில் இது 23 வருஷம் வரை ஓடும். அந்தக் கூடுதல் வரியில் பள்ளிக்குப் போகவேண்டியதும் சேர்ந்திருப்பதால் ஊரில் இதைப் பற்றிச் சண்டை ஓயாது. போட்டியில் இந்த இரண்டையும் ஒவ்வொரு அணியும் ஷீட்டில் ஒரு வரியாகப் போட்டுவிடும். எப்படிக் கிடைக்கும் என்று கேட்டால் திணறும். நீங்கள் திணறாமல் இருந்தால் போதும், தனியாகத் தெரிவீர்கள்.

இதுவரை சொன்னது போட்டி கற்றுக்கொடுப்பது. அது கற்றுக்கொடுக்காததும் இருக்கிறது. அந்த நிலத்தைச் சுற்றி வாழும் ஒருவரிடமும் 15 நாளில் நீங்கள் பேசப் போவதில்லை. வரைபடத்தில் நிலம் காலியாக இருக்கும். நகரத்தின் மையத்தை ஒட்டி இவ்வளவு பெரிய இடம் எப்படிக் காலியானது என்று கேட்க நேரம் இருக்காது. அதற்கு நீங்கள் எங்கும் போக வேண்டாம், பிட்ஸ்பர்க் டவுன்டவுனிலிருந்து நடந்தே லோயர் ஹில் என்ற பகுதிக்குப் போய்ப் பாருங்கள். 1950களில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் சுமார் 8,000 பேரை அங்கிருந்து வெளியேற்றினார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். இடித்த இடத்தில் 1961ல் ஒரு பெரிய அரங்கம் வந்தது, ஐம்பது வருஷம் கழித்து அதையும் இடித்துவிட்டார்கள். பிறகு பல வருஷம் அங்கே இருந்தது கார் நிறுத்துமிடம். மேலே கிராஃபோர்ட் தெருவும் சென்டர் அவென்யூவும் சந்திக்கும் முனையில், இதற்கு மேல் இடிக்க விடமாட்டோம் என்று மக்கள் அந்தக் காலத்தில் பலகை வைத்தார்கள். இன்று அது ஃப்ரீடம் கார்னர். போட்டிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அங்கே போய்விட்டு வாருங்கள். மறுமலர்ச்சி என்ற சொல்லை பலகையில் எழுதும் முன் கை ஒரு நொடி நிற்கும்.

அதே ஊரில் ஹேசல்வுட் கிரீனையும் பாருங்கள். உருக்காலைகளுக்கு நிலக்கரியிலிருந்து கோக் என்ற எரிபொருள் தயாரித்து, 1998ல் மூடிய ஆலையின் 178 ஏக்கர். 2002ல் அறக்கட்டளைகள் சேர்ந்து வாங்கின. பழைய உருக்காலைக் கூட்டின் இரும்புச் சட்டத்துக்குள் கட்டிய மில் 19 என்ற அலுவலகக் கட்டடத்தில் ஆட்கள் குடியேற 2019 ஆகிவிட்டது. ஹூஸ்டன் தபால் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 போட்டிக்கு அந்த இடத்தைத்தான் கொடுத்தார்கள். அங்கே நிஜமாகவே கடைகளும் அரங்கமுமாகத் திறந்தது 2021ல். நீங்கள் ஷீட்டில் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று பத்து வருஷத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் எண்கள் கொஞ்சம் அடக்கமாக வரும்.

இந்தக் குறையை ஈடுகட்ட இரண்டாம் வருஷம் வேறு வகைப் போட்டி ஒன்றில் சேரலாம். மத்திய அரசின் வீட்டுவசதித் துறை சில வருஷங்களாக நடத்திய மாணவர் போட்டியில் நிஜமான ஒரு உள்ளூர் வீட்டுவசதி ஆணையத்தின் நிலத்தைத்தான் கொடுத்தார்கள், இறுதிச் சுற்று அணிகள் அங்கே போய்ப் பார்த்தார்கள். பாஸ்டன் பக்கம் ஃபெடரல் ஹோம் லோன் வங்கி நடத்தும் போட்டியில் மாணவர் அணியை ஒரு சமூக அமைப்போடு சேர்த்துவிடுவார்கள். பரிசு சின்னது, ஆனால் "எங்க பாட்டிக்கு லிஃப்ட் வேண்டும், பால்கனி வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆள் இருப்பார். என்னைக் கேட்டால் ஹைன்ஸைவிட இவைதான் மேல். இது என் வேலை பேசும் பேச்சு, அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

வாய் வராத விஷயம். இங்கே கூட்டத்தில் சும்மா இருந்தால் மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைப்பார்கள். பேச இடம் விடுவார்கள் என்று காத்திருந்தால் கூட்டம் முடிந்துவிடும். குறுக்கே பேச மனம் வரவில்லையா, முதல் ஆளாகப் பேசிவிடுங்கள். "நேற்றுக் கணக்குப்படி 212 வீடு வருகிறது, கார் இடம் 90தான் இருக்கிறது, முதலில் இதை முடிவு செய்வோம்" என்று ஒரு தாளோடு வந்து உட்காருங்கள். எண் கையில் இருக்கும் ஆளின் ஆங்கிலத்தை யாரும் கவனிப்பதில்லை.

விசா பற்றி. போட்டியில் கலந்துகொள்வது வேலை செய்வது ஆகாது, அதனால் உங்கள் எஃப்-1 மாணவர் விசாவுக்குப் பிரச்சினை இல்லை. படிப்பு நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணிநேர வரம்பு உங்கள் லைப்ரரி வேலைக்குத்தான். பரிசு வந்தால் அது வருமானம். இங்கே வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும் மாணவருக்குப் பொதுவாக 30 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள், 1042-எஸ் என்ற படிவம் வரும். அதைத் தூக்கிப் போடாமல் வரி தாக்கல் செய்யும்போது சேர்த்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள், சீனியர் சொன்னார் என்று எதையும் செய்யாதீர்கள். பரிசுப் பணத்தை ஐவர் பிரித்து, வரியும் போனால் கையில் என்ன நிற்கும் என்று பார்த்துவிட்டால் பரிசு ஆசை தானாகத் தணியும். பல பத்து பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் அணிகளில் நான்குதான் அதன் பக்கத்திலேயே போகிறது.

ஊருக்குப் போக முடியாது என்று ஏன் முடிவு செய்தீர்கள்? தேர்வு முடிந்ததும் கிளம்பி புத்தாண்டை ஒட்டித் திரும்பினால் போதும். பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கல் மட்டும் ஸ்டூடியோவில்தான் போகும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை. யார் எந்தப் பகுதிக்குப் பொறுப்பு என்று ஐந்து பேரும் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு எண்ணிக்கை, பரப்பளவு, கார் இடம், இந்த மூன்றும் இருக்கும் ஷீட் உங்கள் கையில் இருக்கட்டும், ரெண்டரை இன்னொருவரோடு பாதிப் பாதி பிரித்துக்கொள்ளுங்கள். இதை அந்தத் தோழியிடம் இந்த வாரமே கேளுங்கள். அவள் தயங்கினால் வேறு அணி பாருங்கள், நவம்பரில் எல்லாரும் ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.