கொல்லைப்புறம்: கத்திரி வெயிலில் கோழியை அடை வைக்கலாமா?

சித்திரை 21-இல் தொடங்கிய கத்திரி வைகாசி 14 வரை நம்மை விடாது. மணப்பாறைப் பக்கம் எங்கள் கொல்லையில் காலை பத்து மணிக்கே கோழிகள் முருங்கை நிழலுக்கு ஒதுங்கிவிடுகின்றன. வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

சித்திரையில் பதிமூன்று முட்டை வைத்து அடை வைத்தேன். மூன்றுதான் பொரித்தது. இடிக்குக் காவலாகக் கூடையில் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, மிளகாய் வற்றல் எல்லாம் போட்டிருந்தேன். நடுவில் ஒருநாள் அடித்த இடியில் முட்டை கெட்டுவிட்டது என்கிறார் மாமியார். பத்தாம் நாள் சந்தேகப்பட்டு இரண்டை உடைத்தபோது உள்ளே ரத்தம் வளையம் மாதிரி இருந்தது. முட்டைகளைச் சமையலறை அரிசிப் பானையில் சேர்த்து வைத்திருந்தேன். எங்கே தவறு?
வாசகி, விராலிமலை

தங்கச்சி, இரும்பும் கரியும் என் அம்மா போட்டார், நானும் போடுகிறேன். அதை விட வேண்டாம். ஆனால் உங்கள் முட்டை இடியில் கெடவில்லை. கூடைக்கு வருவதற்கு முன்பே, அரிசிப் பானையிலேயே கெட்டுவிட்டது. அந்த ரத்த வளையம்தான் அதற்குச் சாட்சி. கரு வளரத் தொடங்கி, ஆரம்பத்திலேயே செத்துப்போனால் அப்படித்தான் வளையம் கட்டும்.

தாய்க்கோழியின் வயிற்றுக்கு அடியில் சுமார் 37.5 டிகிரி சூடு இருக்கும். கரு ஒழுங்காக வளர அந்தச் சூடு வேண்டும். ஆனால் 20 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே கரு மெல்ல விழித்துக்கொள்ளும். மே மாதத்தில் அடுப்பு எரியும் சமையலறை 35, 36 டிகிரிக்குப் போகிறது. அந்தச் சூட்டில் கரு உறங்கவும் முடியாமல் வளரவும் முடியாமல் தவித்துச் செத்துப்போகிறது. மார்கழியில் இதே அரிசிப் பானையில் வைத்த முட்டை நன்றாகப் பொரித்திருக்கும். அதனால்தான் வீட்டுப் பெரியவர்களுக்குப் பானைமேல் சந்தேகம் வருவதில்லை. பழி இடிமேல் விழுந்துவிடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் சிறுவிடை நாட்டுக்கோழி பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிட்டு, பன்னிரண்டு பதினைந்து சேர்ந்த பிறகுதான் அடைக்கு உட்காரும். அப்படியென்றால் முதல் முட்டைக்கு அன்றைக்கு மூன்று வார வயது. கோடையில் அது வெறும் கூமுட்டை. நானும் இப்படி ஒரு வருடம் பதினைந்து வைத்து நான்கு குஞ்சு மட்டும் எடுத்தேன். கோழி இருபத்தொரு நாள் பட்டினியும் பாதியுமாக உட்கார்ந்து எழுந்தபோது அதன் மார்பெலும்பு கையில் குத்தியது. அன்றைக்கு அழுதேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதாமல் எடுத்து வைத்ததில்லை.

கோடையில் நான் செய்வது இதுதான். முதலில் இட்ட முட்டைகளை வீட்டில் சமைத்துவிடுவோம். கடைசி நான்கைந்து நாள் முட்டை மட்டும்தான் அடைக்கு. ஒரு கோழியிடம் அத்தனை சேராது என்பதால் மூன்று கோழிகளின் முட்டையைக் கலந்து ஒன்பது வைக்கிறேன், அதற்கு மேல் இல்லை. வைக்கும் வரை முட்டைகள் இருக்கும் இடம் வீட்டின் வடக்கு மூலை. அகலமான மண்சட்டியில் மணல் நிரப்பி நனைத்து, அதன்மேல் சின்னச் சட்டி, அதற்குள் துணி விரித்து முட்டை, வாயில் ஈரத் துணி. காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர். கையை உள்ளே விட்டால் குளுகுளுவென்று இருக்கும்.

ஏழாம் நாள் இரவு கைபேசி டார்ச்சை முட்டையின் அகலமான பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலந்தி கால் விரித்த மாதிரி நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே தெரியாமல் தெளிவாக இருந்தால், அல்லது வளையம் மட்டும் தெரிந்தால், எடுத்துவிடுங்கள். கெட்ட முட்டை கூடைக்குள் வெடித்தால் நல்ல முட்டையும் நாறிப்போகும்.

கூடையில் வைக்கோலுக்குப் பதில் மணல் போடுங்கள், அடியில் காய்ந்த வேப்பிலை. பேனும் செள்ளும் கடித்தால் கோழி பாதியில் எழுந்துவிடும். தண்ணீரும் கம்பும் கூடைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்த வருடம் இன்னொரு முறை முயல வேண்டுமென்றால், கத்திரி முடிந்து ஒரு மழை விழட்டும். கோழிக்கும் உடம்பு தேறும்.

முட்டை ஓடு காகிதம் மாதிரி மெல்லியதாக இருக்கிறது. மதியம் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. ஏதாவது நோயா?
வாசகர், அருப்புக்கோட்டை

நோய் இல்லை தம்பி, வெயில். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து மூச்சு விட்டுத்தான் சூட்டை இறக்கும். அப்படி மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ஓடு கட்ட ரத்தத்தில் அது தேவை. போதாததற்கு, சூட்டில் தீனியும் குறைந்துவிடும். இரண்டும் சேர்ந்துதான் ஓடு மெலிகிறது.

தீனியை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். மதியம் வைத்தால் செரிக்கிற சூடும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வேண்டாம், மண்சட்டியில். ஒரே இடத்தில் வைத்தால் வலுத்த கோழி மற்றதை விரட்டும். மூன்று இடத்தில், மூன்றும் நிழலில் வையுங்கள். பதினோரு மணிக்கு நீர்மோரோ கேழ்வரகுக் கூழின் தெளிவோ ஊற்றுகிறேன், ஓடிவந்து குடிக்கின்றன. ஓட்டுக்காகக் கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டிய கோழி தானே பொறுக்கும்.

கூண்டு தகரக் கூரை என்றால் இன்றைக்கே மேலே தென்னங்கீற்று போடுங்கள். அடுத்த வருடத்துக்கு இப்போதே யோசித்து, கூரைமேல் கோவைக்கொடியோ பீர்க்கையோ ஏற்றிவிடுங்கள்.

கத்திரிச் செடி நட்டால் கோழி சீய்த்துவிடுகிறது. கோழி எருவைப் போட்டால் செடி கருகுகிறது. தக்காளியில் பூ பூவாகக் கொட்டுகிறது. கோழியும் தோட்டமும் ஒரே கொல்லையில் நடக்குமா?
வாசகி, செங்கல்பட்டு

நடக்கும். என் வீட்டில் முப்பது வருடமாக நடக்கிறது.

ஒவ்வொரு செடியைச் சுற்றியும் தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் கீழே இருக்கும்படி நெருக்கமாக அடுக்குங்கள். கோழியால் சீய்க்க முடியாது, ஈரமும் நிற்கும். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றினால் எனக்குப் போதுமாக இருக்கிறது. கீரைப் பாத்திக்கு மட்டும் இது உதவாது. அதன்மேல் பழைய மீன்வலையை விரித்துக் கட்டிவிடுங்கள்.

பச்சை எருவில் அம்மோனியா அதிகம், வேரைச் சுட்டுவிடும். காய்ந்த சருகோடு அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, மூன்று மாதம் மக்கவிடுங்கள். இப்போது குவித்தால் ஆடிப் பட்டம் முடிவதற்குள் கைக்குக் கிடைக்கும்.

தக்காளிக்குக் கோழிமேல் குற்றமில்லை. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு இறங்காவிட்டால் மகரந்தம் வீணாகிப் பூ கொட்டும். இந்த மாதத்துக்கு வெண்டையும் கொத்தவரையும் போடுங்கள். காலியாகக் கிடக்கும் பாத்திகளைக் கொத்திவிட்டு, மாலை நான்கு மணிக்குக் கோழிகளைத் திறந்துவிடுங்கள். மண்ணுக்குள் இருக்கும் புழுவையும் கூட்டுப்புழுவையும் பொறுக்கிவிடும். விதைப்புக்கு முன் இதைவிட நல்ல வேலையாள் கிடையாது.

விடுமுறைக்கு வந்த பேத்தி தெருவில் விற்ற பச்சைக் கலர் கோழிக்குஞ்சு ஒன்று வேண்டுமென்று அடம்பிடித்தாள். வாங்கிவிட்டேன். பிழைக்குமா?
வாசகர், திருச்சி

ஐயா, வாங்கிவிட்டீர்கள், இனி காப்பாற்றிவிடுவோம். இவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைகளுக்காகக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். சாயம் பூசி, கூடையில் அடைத்து, வெயிலில் சுற்றி விற்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. இனி ஒன்றுகூட வாங்காதீர்கள்.

முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். பகலில் உங்கள் ஊர் வெயிலே போதும், நேர் வெயில் மட்டும் படாமல் பாருங்கள். இரவில் மின்விசிறிக்குக் கீழே வைத்தால் விடிவதற்குள் செத்துவிடும். அட்டைப் பெட்டியில் குண்டு பல்பு ஒன்றை ஒரு மூலையில் தொங்கவிடுங்கள். சூடு போதாவிட்டால் குஞ்சு பல்புக்கு அடியில் ஒடுங்கும், அதிகமானால் எதிர்மூலைக்கு ஓடும். அதைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், குஞ்சு விழுந்து நனையாது. தீனிக்குக் குஞ்சுத்தீவனம், கிடைக்காத நாளில் உடைத்த கம்பு. வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான சொட்டு மருந்து பற்றிக் கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள், ஏழாம் நாளில் போடுவது வழக்கம்.

இன்னும் மூன்று நான்கு வாரத்தில் பச்சை மயிர் உதிர்ந்து வெள்ளை இறகு முளைக்கும். இது என் கோழி இல்லை என்று பேத்தி அழலாம். அதை அவளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.