மணிக்கட்டு வலிக்கு எனக்கு நானே மசாஜ் செய்துகொள்வது எப்படி?

நாள் முழுக்கத் தட்டச்சு செய்து மணிக்கட்டு கடுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே இனம்தான். திருவல்லிக்கேணியில் டி.டி.பி. கடை, 16 ஆண்டுகள். திருமணப் பத்திரிகை, ஆய்வேடு, வழக்கு மனு என்று விரல் ஓய்ந்ததே இல்லை. போதாக்குறைக்கு மாலையில் வேளச்சேரி வரை ஸ்கூட்டரின் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பிடித்த கை.

வலி மணிக்கட்டில்தானே என்று அங்கேயே தைலம் தேய்த்து, கட்டைவிரலால் மூச்சைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்தில் வலி கூடியது. முறுக்கு பிழிந்தே குடும்பத்தை ஓட்டிய என் அத்தை பார்த்துவிட்டுத் திட்டினார். "அங்கே எலும்பும் நரம்பும்தானடா இருக்கிறது? சதை இருக்கிற இடத்தைப் பிடி!"

அவர் சொன்னது சரி. விரல்களை மடக்கி நீட்டும் முக்கியமான தசைகள் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு குறுகலான பாதை. அதற்குள் தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நான் அழுத்தியது அந்த நரம்பைத்தான்.

இப்போது செய்வது இதுதான். மேசையில் தலையணை போட்டு அதன்மேல் கையைத் தளர்வாக வைப்பேன். நல்லெண்ணெய் நாலு சொட்டு போதும். மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி உள்ளங்கையால் ஏழெட்டு முறை நீவுவேன். பிறகு முழங்கைக்குச் சற்றுக் கீழே சதைப்பற்றான இடத்தைத் துழாவினால், தொட்டதும் 'ஆ' என்கிற புள்ளி ஒன்று அகப்படும். அதைப் பொறுக்கும் அளவுக்கு அழுத்தியபடி, விரல்களை மெல்ல மூடித் திறக்க வேண்டும். அரை நிமிடம் போதும். முன்கையின் புறங்கைப் பக்கத்தையும் விடாதீர்கள். மவுஸ் பிடிப்பவர்களுக்கு அங்கேதான் இறுகிக் கிடக்கும். அழுத்தும் கை சோர்ந்துவிட்டால் சப்பாத்திக் கட்டையை மேசையில் வைத்து அதன்மேல் முன்கையை உருட்டுவேன். வீட்டில் கேலிதான், ஆனால் சுகம்.

அடுத்து கட்டைவிரலின் அடிமேடு. அதைப் பிசைந்துவிட்டு, ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிவரை உருவிவிடுவேன். சொடக்கு எடுக்க மாட்டேன். மணிக்கட்டில் லேசாக வட்டமிட்டுத் தடவுவதோடு சரி.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகிறதா? இரவில் அந்த மதமதப்பில் விழித்துக் கையை உதறுகிறீர்களா? அப்படியானால் அந்த நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு எண்ணெய் போதாது, மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயோ தைராய்டு குறைபாடோ உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். விழுந்து அடிபட்ட கை, வீங்கிச் சிவந்த கை என்றால் நீவவே கூடாது.

ஒன்று மறந்துவிட்டேன். முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். நம் ஊர் வியர்வையோடு நல்லெண்ணெயும் சேர்ந்தால் ஆக்ஸிலரேட்டர் கையில் நிற்காது.