பம்பலப்பிட்டியில் வாசித்தது

ஐயா அவர்களுக்கு,

நிக்கொலஸ் கார் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் எழுதியதை வாசித்தேன். இணையம் நம் ஆழ்ந்த வாசிப்பைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவில் ஓர் எழுத்தாளர் கவலைப்படுகிறார், நீங்களும் தலையாட்டுகிறீர்கள். நான் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கைபேசி வருவதற்கு முன் வருடத்துக்கு ஒரு புத்தகம்கூட வாசித்தவன் அல்ல. இப்போது கடைக்குப் போகும் நூறாம் இலக்க பஸ்ஸில் தினமும் வாசிக்கிறேன். ஆழ்ந்த வாசிப்பு போய்விட்டதே என்ற கவலை, அது முன்பு வாய்த்தவர்களுக்குத்தானே? பம்பலப்பிட்டியில் வாசித்தது கொள்ளுப்பிட்டியில் மறந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் வாசிக்கிறேனே.

வெள்ளவத்தை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் காருக்காக ஒரு வார்த்தை. (தமிழில் எழுதினால் மனிதர் வாகனமாகிவிடுகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்.) 2008இல் அத்லாந்திக் இதழில் வந்த கட்டுரையில் அவர் ஊரைத் திட்டவில்லை. இரண்டு மூன்று பக்கம் தாண்டினால் மனம் அலைகிறது என்று தன் நோயைத்தான் எழுதினார். அதை விரித்து 2010இல் எழுதிய நூல் புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியல்வரை போனது. ஆனால் அந்தக் கட்டுரை வந்தபோது ஐபோனுக்கு ஒரு வயதுதான். அவர் எழுதியது மேசைக் கணினி முன் இருந்த ஒருவரைப் பற்றி. ஒரு கையில் பஸ் கம்பியும் மறு கையில் கதையுமாக நிற்கும் உங்களை அவர் கண்டிருக்க நியாயமில்லை. அந்த அளவில் உங்கள் கேள்வி சரி.

எனக்கு அவருடைய 2014ஆம் ஆண்டு நூல்தான் பெரிது. தானியங்கிக் கருவிகளைப் பற்றியது. கனடாவின் வடகோடியில் இக்லூலிக் தீவில் வாழும் இனுயிட் வேட்டைக்காரர்கள் காற்றையும் பனி படிந்திருக்கும் விதத்தையும் விண்மீனையும் பார்த்தே வழி கண்டவர்கள். ஜிபிஎஸ் வந்தது. திரை காட்டிய நேர்கோட்டில் போய் மெல்லிய பனிக்கட்டியில் மாட்டிக்கொண்ட இளைஞர்களும் வந்தார்கள். குளிரில் பெற்றரி செத்தால் திரையும் இல்லை, வழியும் இல்லை.

இதை வாசித்தபோது எனக்குப் போர்க்காலத்து 1997 நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். சட்டைப் பையில் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, அவற்றோடு ஒரு கடதாசி. பொரளைக்கு பஸ் எங்கே நிற்கும் என்று சிங்களத்தில் கேட்பதற்கான வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். இரவில் மனப்பாடம் செய்தேன். காலையில் ஒருவரிடமும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் உச்சரிப்புக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பிறகு என்ன கேள்விகள் வரும் என்று தெரியாது. நடந்தேன். கான் மணிக்கூட்டுக் கோபுரம், மருதானை ரயில் நிலையம், புஞ்சி பொரளை, பொரளைச் சந்தி. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. இரண்டு மாதத்தில் அந்த வழியில் எந்தத் தேநீர்க் கடைக்கு எதிரே எந்த மரம் என்பதுகூட எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் அதே பொரளைக்கு ஓட்டோவில் போனேன். செயலியில் இடத்தைக் குறித்தேன், வந்தது, ஏறினேன். ஓட்டுநரும் நானும் ஒரு சொல் பேசவில்லை. புஞ்சி பொரளை எப்போது கடந்தது என்று எனக்குத் தெரியாது, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக்கோடு எங்களை ஓர் ஒழுங்கைக்குள் கொண்டுபோனது. ஒழுங்கை சுவரில் முடிந்தது. ஓட்டுநர் திரையைப் பார்த்தார், நான் என் திரையைப் பார்த்தேன். பக்கத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, நாங்கள் கேட்காமலே, ஈரச் சட்டையைப் பிடித்த கையை வந்த வழிப்பக்கமாக நீட்டினார். முகத்தைப் பார்த்தால், அன்றைக்கு அவர் கை நீட்டியது அது முதல் தடவையாகத் தெரியவில்லை.

இழப்பு உண்டு என்று கார் சொல்வதை நான் ஏற்கிறேன். அவரோடு முரண்படுவது வேறோர் இடத்தில். வழியைக் கேட்பதும் தேடிப் படிப்பதும் எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கிடைத்தவை அல்ல. நான் கொழும்பைக் கற்றது ஆர்வத்தால் அல்ல, பயத்தால். வாய் திறக்காமலே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரலாம் என்று ஒரு கருவி அன்று கிடைத்திருந்தால், அந்தத் தேநீர்க் கடைகளையும் மரங்களையும் யோசிக்காமல் விற்றிருப்பேன். இன்றைக்கும் விற்பேன்.

ஆகவே, வாசிக்க வாய்ப்பே இல்லாதிருந்த ஒருவருக்குக் கைபேசி வாசிப்பைத் தந்தது என்றால், அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் உங்கள் கடைசிக்கு முந்தைய வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்குப் போகிறபோக்கில் வாசிக்க முடியவில்லை. பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் மறந்துபோவது எது? செய்தித் துணுக்குகளா, வாட்ஸ்அப்பில் வந்தவையா? அவை மறந்தால் நட்டமில்லை, நானும் மறக்கிறேன். தொடர்ந்து வாசிக்கும் ஒரு கதையா? மறுநாள் அதே கதையைத் திறக்கும்போது ஆட்களின் பெயர் நினைவிருக்கிறதா, மேலே போய்த் தேடுகிறீர்களா? இரண்டுக்கும் என் பதில் ஒன்றல்ல. எழுதுங்கள்.