800 ரூபாய் சட்டைக்கு 20% தள்ளுபடி: பிள்ளைகள் ஏன் 780 என்று எழுதுகிறார்கள்?

கேள்வி: பெரம்பூரில் என் வீட்டு வராண்டாவில் 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 9 பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். நான் படித்தது பி.காம். சதவீதக் கணக்கில் திணறுகிறார்கள். 800 ரூபாய் சட்டைக்கு 20% தள்ளுபடி என்றால் பாதிப் பேர் 780 என்று எழுதுகிறார்கள். செய்முறையாக நடத்தினால் புரியும் என்று சொல்லி, ஒருவர் பிளாஸ்டிக் கட்டம் கொண்ட கணித கிட் ஒன்றை 4,500 ரூபாய்க்கு விற்க வந்திருக்கிறார். சனிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், அம்மா. அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். காசு வீணாகும் என்பது இரண்டாவது காரணம்தான். அந்தக் கிட் உங்கள் பிள்ளைகளின் தவறை இன்னும் ஆழமாக ஊன்றிவிடும் என்பதுதான் முதல் காரணம்.

780 எப்படி வருகிறது என்று பாருங்கள். 20% என்பதை அந்தப் பிள்ளை 20 என்றே படிக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறி அதற்கு வெறும் அலங்காரம். கிட்டில் என்ன இருக்கும்? நூறு கட்டம் உள்ள பலகை, நூறு வில்லைகள். 20% காட்டு என்றால் 20 வில்லையை வைக்கும். 35% என்றால் 35 வில்லை. எல்லாம் சரியாக வரும், எல்லாரும் கை தட்டுவார்கள். ஏனென்றால் அங்கே மொத்தமே நூறுதான். 20 சதவீதமும் 20-ம் ஒன்றாகவே இருக்கிற ஒரே இடம் அந்தப் பலகைதான். அதில் பழகிய பிள்ளை 800 ரூபாய்ச் சட்டைக்கு வந்ததும் 20-ஐக் கழிக்கத்தானே செய்யும்?

கிட்டுக்குப் பதில் இதைச் செய்யுங்கள். முதல் நாள் பழைய நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைக் கிழித்து விளையாட்டு நூறு ரூபாய்த் தாள்கள் செய்யச் சொல்லுங்கள். ஆளுக்குப் பத்து போதும். பத்து ரூபாய்ச் சில்லறைக்கும் சின்னத் துண்டுகள் வெட்டிக்கொள்ளட்டும். இப்போது சட்டை விலை 800. எட்டுத் தாளைத் தரையில் வரிசையாக அடுக்கட்டும். "நூற்றுக்கு இருபது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தாளுக்கும் 20 ரூபாயைக் கடைக்காரராக நடிக்கும் பிள்ளை திருப்பிக் கொடுக்கட்டும். எட்டு முறை கை நீளும். 160 சேரும். கொடுக்க வேண்டியது 640. சூத்திரம் எதுவும் சொல்லாதீர்கள். அடுத்து 850 ரூபாய்ச் சட்டை. கடைசியில் அரைத் தாள் நிற்கும்போது ஒரு பிள்ளையாவது "அரை நூறு, அப்போ பத்து" என்று சொல்லும். அதுவரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஒரு நிமிட மௌனத்தைப் பொறுக்க முடியாமல்தான் ஆசிரியர்கள் நாம் பலரும் காரியத்தைக் கெடுக்கிறோம்.

"நூற்றுக்கு" என்ற சொல்லை விடாதீர்கள். பள்ளியில் சதவீதம், விழுக்காடு என்கிறார்கள், கடையில் பர்சன்ட் என்கிறார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. "நூற்றுக்கு ரெண்டு வட்டி" என்று வீட்டில் பேசுவதை அவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அந்தச் சொல்லில் ஏற்கெனவே பாதிப் பாடம் இருக்கிறது.

இரண்டாவது நாளுக்கு எலாஸ்டிக் வேண்டும். தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், பாவாடைக்கு வைப்பதுதான். நன்றாக இழுபடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். 36 செ.மீ. துண்டு வெட்டி, இரு முனையிலும் பிடிக்க 3 செ.மீ. விட்டுவிட்டு, இழுக்காமல் மேசையில் வைத்தபடி 2 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள். 0, 10, 20 என்று 150 வரை எழுதுங்கள். பால் பாயிண்ட் பேனா போதும், ஜெல் பேனா ஈஷிக்கொள்ளும்.

24 செ.மீ. நீள நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, எலாஸ்டிக்கின் 0 ஒரு முனையிலும் 100 மறு முனையிலும் வரும்படி இரண்டு பேர் இழுத்துப் பிடிக்கட்டும். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்தால் எத்தனையில் முடிகிறது? 15 செ.மீ. பேனா 60-ஐத் தாண்டி நிற்கும். இப்போது அதே எலாஸ்டிக்கை 30 செ.மீ. ஸ்கேலுக்கு இழுங்கள். அதே பேனா 50-ல் நிற்கும். "பேனா வளரவும் இல்லை, குறையவும் இல்லை. எண் மட்டும் ஏன் மாறிச்சு?" என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொல்ல வேண்டும்: எதை நூறாக வைத்தோமோ அது மாறிவிட்டது. என்னைப் பொறுத்தவரை சதவீதப் பாடம் இந்த ஒரு கேள்விதான். மீதியெல்லாம் பயிற்சி.

(எலாஸ்டிக் இழுத்தால் நீளும், 20 செ.மீ.க்குக் குறைந்த பொருளுக்குச் சுருங்காது. அதனால் பேனாவையே நூறாக வைக்க முயலாதீர்கள்.)

கோடுகளை 150 வரை போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. "நூறுக்கு மேல் சதவீதமே கிடையாது" என்று பல பிள்ளைகள் உறுதியாக நம்புகின்றன, ஏனென்றால் மதிப்பெண்ணில்தான் அவை சதவீதத்தைப் பார்க்கின்றன. நோட்டை நூறாக வைத்து, பக்கத்தில் ஸ்கேலை வைக்கச் சொல்லுங்கள். ஸ்கேல் 125-ல் முடியும். முழுமையின் ஒரு பகுதியைச் சொல்லும்போது நூறைத் தாண்ட முடியாது. வருகைப் பதிவு, தேர்ச்சி, பாலில் உள்ள கொழுப்பு எல்லாம் அப்படி. ஆவின் நீலப் பாக்கெட்டில் 3%, ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6% கொழுப்பு, அது 100-ஐத் தாண்டினால் அர்த்தமே இல்லை. ஒரு பொருளை இன்னொரு பொருளோடு ஒப்பிடும்போது தாராளமாகத் தாண்டலாம். விலை ஏறும்போதும் தாண்டலாம்: 40 ரூபாய்த் தக்காளி 100 ரூபாய் ஆனால் ஏற்றம் 150%. ஆனால் இறங்கும்போது நூறோடு சரி. 100% இறங்கினாலே இலவசம், அதற்குக் கீழே விலை எங்கே போகும்? இந்த வேறுபாட்டுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இன்னும் ஒரு படி கூட்டிப் போகலாம். நோட்டைவிட ஸ்கேல் 25% நீளம். ஸ்கேலைவிட நோட்டு எத்தனை சதவீதம் குட்டை? 25 என்றுதான் எல்லாரும் கத்துவார்கள். ஸ்கேலுக்கு எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் நோட்டு 80-ல் நிற்கும், அதாவது 20% குட்டை. தி.நகரில் "50% + 20%" என்று எழுதித் தொங்கவிடும் தள்ளுபடியும் இதே சங்கதிதான். 1,000 ரூபாய்ப் புடவை முதலில் 500 ஆகும். அடுத்த 20% அந்த 500-ல்தான், ஆகவே 400. மொத்தத் தள்ளுபடி 60%, 70% இல்லை. முதல் நாள் செய்த காகித ரூபாய்த் தாள்களை வைத்து அதையும் செய்யுங்கள், வீட்டில் போய் அம்மாவிடம் சொல்லுவார்கள்.

மழைக்காலமாக இருந்தால் செய்தித்தாளில் வரும் ஏரி நீர் இருப்பையும் பாருங்கள். புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி, சோழவரம் 1,081. இரண்டும் 50% என்றால் ஒன்றில் 1,650, இன்னொன்றில் 540 சொச்சம். சதவீதம் ஒன்றுதான், எதை நூறாக வைத்தோமோ அதுதான் வேறு.

தசமம், பின்னத்தில் வரும் சதவீதம் எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மறுபடியும் கிட்டுக்கு வருகிறேன், மனசு கேட்கவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இப்படி வாங்கிய பெட்டி வருடக்கணக்காகப் பீரோவில் பூட்டிக் கிடந்தது. ஒரு வில்லை தொலைந்தாலும் ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் யாரும் திறக்கவில்லை. விற்றவர் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்து உங்களிடம் "10 நொடியில் சதவீதம்" என்று ஷார்ட்கட் வகுப்புக்கு ஆள் பிடிப்பவர்கள் வருவார்கள். விடை வேகமாக வரும், எதில் நூற்றுக்கு என்ற கேள்வி செத்துப்போகும். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லு என்று அவசரப்படுத்துகிறவரிடம் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எதையும் வாங்காதீர்கள்.

பள்ளியில் இதையெல்லாம் ஏன் செய்வதில்லை என்று கேட்பீர்கள். ஏழாம் வகுப்புப் பாடநூலில் சதவீதம் மூன்றாம் பருவத்தில் வருகிறது. அதற்குள் ஆண்டுத் தேர்வு கழுத்தைப் பிடிக்கும், போர்ஷனை முடி என்பார்கள், வகுப்பில் நாற்பது தலைகள். தேர்ச்சி சதவீதம் எவ்வளவு என்று கேட்டுப் பள்ளிகளை விரட்டுகிறவர்கள், சதவீதத்தைக் கற்றுத்தர இன்னும் பத்து பீரியட் கேட்டால் தருவதில்லை. அந்த ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கால அட்டவணை போடுகிறவர்கள் மேல் நிறையவே இருக்கிறது. உங்கள் வராண்டாவில் அந்த நெருக்கடி இல்லை, நிதானமாக நடத்துங்கள்.

இரண்டு வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் அதே 800 ரூபாய்ச் சட்டையைக் கொடுத்துப் பாருங்கள். யாராவது மறுபடி 780 என்று எழுதினால் திட்ட வேண்டாம், சூத்திரத்தையும் எழுதிக் காட்ட வேண்டாம். அந்தப் பிள்ளை கையில் எட்டுத் தாளைக் கொடுங்கள்.